யாருடைய நேரம்? குற்றாலத்து மருத்துவரும் ஆய்வின் கணக்கேடும்

பல்கலைக்கழக மானியக் குழு என்கிற பெயரில் உட்கார்ந்திருக்கும் 'மானியம்' பழைய சொல். உர மானியம், எரிவாயு மானியம் எல்லாம் பிறகு வந்தவை. வரி நீக்கிக் கொடுக்கப்பட்ட நிலம்தான் அதன் முதல் பொருள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் இருக்கிற மேலகரத்தில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சி பாடியதற்காக மதுரை நாயக்க மன்னர் விசயரங்க சொக்கநாதர் (ஆட்சிக் காலம் 1706-1732) அவருக்கு நிலம் கொடுத்தார், அதற்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் என்பது மரபுவழிச் செய்தி. கவிராயருக்குப் படியளந்தவர் மன்னர் மட்டுமல்ல. குற்றாலநாதர் கோயில் வித்துவான் என்கிற நிலை ஒருபக்கம், வடகரைப் பாளையக்காரர் சின்னணஞ்சாத் தேவரின் ஆதரவு இன்னொரு பக்கம், தூரத்தில் மதுரை அரண்மனை. இன்றைய நிர்வாக மொழியில் சொல்லப்போனால் அவர் ஒரே நேரத்தில் மூன்று நிறுவனங்களைச் சார்ந்திருந்த ஆள். ஆனால் தலபுராணத்துக்கு எத்தனை நாழிகை, குறவஞ்சிக்கு எத்தனை நாழிகை என்று கோயிலும் கேட்கவில்லை, பாளையமும் கேட்கவில்லை. முடிந்த பிரதிக்குப் பரிசில். அவ்வளவுதான்.

இதைச் சொன்னவுடன் 'அந்தக் காலம் பொற்காலம்' என்கிற பாட்டு நம்மூரில் ஆரம்பித்துவிடும். அதற்காக இதைச் சொல்லவில்லை. குறவஞ்சி மேட்டில் கவிராயர் இறங்கி ஏர் பிடித்திருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அவர் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மண்ணில் வேறு யாரோ நாற்று நட்டிருக்கிறார்கள், களை பறித்திருக்கிறார்கள். புலவனின் ஓய்வு என்பது இன்னொருவரின் ஓய்வின்மை. மரபுவழிச் செய்தியில் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, பெற்றவர் பெயர் இருக்கிறது, நிலத்தின் பெயர்கூட இருக்கிறது. உழுதவர் பெயர் இல்லை. இந்த மௌனத்தைத்தான் இக்கட்டுரை நெடுகப் பின்தொடரப் போகிறேன்.

1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டபோது மானியத்தைப் பார்க்கும் பார்வையே மாறுகிறது. இந்த நிலம் சொந்த அனுபவத்துக்கானதா, ஊழியத்துக்கானதா? ஊழியத்துக்கானது என்றால் அந்த ஊழியம் இன்றும் நடக்கிறதா? வெள்ளையர் அரசு இந்தக் கேள்விகளை ஊர் ஊராகப் போய்க் கேட்டுப் பதிவேட்டில் எழுதியது. கொடை என்பது ஊழியத்துக்கான கூலியாக மறுவரையறை செய்யப்பட்டது என்று இதைப் படிக்கலாம். கொடுத்த காசுக்கு உழைப்பு வந்து சேர்ந்ததா என்கிற கேள்வி, நிலத்திலிருந்து அறிவுக்குத் தாவுவதற்கு அதிக காலம் ஆகவில்லை. சரியாகச் சொன்னால் அறிவின் விஷயத்தில் அது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தொடங்கிய இடங்களில் ஒன்று நம்முடைய குற்றாலம்.

ஓர் ஆய்வாளர் இரண்டு நிறுவனங்களில் வேலை பார்க்கிறார். மூன்றாவதாக ஒரு நிறுவனம் ஆய்வுக்குப் பணம் தருகிறது. அவருடைய நாளை இவர்கள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது? இது இன்று உலகெங்கும் பல்கலைக்கழக நிர்வாகங்களைப் பிடித்து ஆட்டுகிற கேள்வி. வெறும் எழுத்தர் வேலை என்று நாம் இதை ஒதுக்கிவிடுகிறோம். அறிவு எப்படி உற்பத்தியாகிறது, யார் பெயரில் வரவு வைக்கப்படுகிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கேட்டுக்குள்தான் தீர்மானமாகிறது என்பது என் கட்சி.

•

கம்பெனிக் காலத்துத் தாவரவியல் என்பதே இரட்டைச் சம்பள விவகாரம்தான். யோஹான் கேர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்தார். 1774இல் ஆற்காட்டு நவாபிடம் இயற்கையியலாளராகச் சேர்ந்தார். 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. மிஷன், நவாப், கம்பெனி என்று எசமானர்கள் மாற மாற, அவர் செடி பறிப்பது மட்டும் மாறவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களில் பலரும் மருத்துவர்கள். மருத்துவம் படித்தால் தாவரவியலும் சேர்த்துப் படிக்க வேண்டியிருந்த காலம் அது. காய்ச்சலைப் பார்க்கச் சம்பளம், காட்டைப் பார்க்க ஆர்வம் என்று கம்பெனிக்கு ஒரு விலையில் இரண்டு ஆட்கள் கிடைத்தார்கள்.

ராபர்ட் வைட் (1796-1872) இந்த வரிசையில் வந்தவர். ஸ்காட்லாந்துக்காரர். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு 1819இல் கம்பெனியின் உதவி மருத்துவராக இந்தியா வந்தார். 1826இல் அவருக்குச் சென்னையில் அரசு இயற்கையியலாளர் பதவி கிடைத்தது. ஆய்வுக்காகவே ஒரு சம்பளம், அதுவும் முழுநேரமாக. இரண்டு வருடம்தான் நீடித்தது. 1828இல் கவர்னர் லஷிங்டன் சிக்கன நடவடிக்கை என்று சொல்லி அந்தப் பதவியையே ஒழித்தார். அதுவரை சேர்த்திருந்த உலர்தாவரத் தொகுப்புகள் லண்டனுக்குக் கப்பலேறின. வைட் நாகப்பட்டினத்துக்குக் காவல்படை மருத்துவராக அனுப்பப்பட்டார்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பதவி ஒழிந்தது, ஆய்வு ஒழியவில்லை. நாகப்பட்டினத்திலிருந்தும் வைட் செடிகளைச் சேகரித்துக்கொண்டுதான் இருந்தார். அங்கிருந்து கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் ஹூக்கருக்கு ஓவியங்கள் போயின. 1831இல் மூன்று வருட விடுப்பில் ஊருக்குப் போனபோது அவரோடு ஏறத்தாழ ஒரு லட்சம் உலர்மாதிரிகள் போயின என்று சொல்லப்படுகிறது. விடுப்பை விடுப்பாகக் கழிக்காமல் வாக்கர்-ஆர்னட்டோடு சேர்ந்து உட்கார்ந்து 1834இல் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய நூலின் முதல் பாகத்தை வெளியிட்டார். இன்றும் நம்மூர்ச் செடிகள் பலவற்றின் அறிவியல் பெயருக்குப் பின்னால் 'வைட் & ஆர்ன்.' என்று ஒரு வால் தொங்குகிறதே, அது இந்த உழைப்பின் வரவுச்சீட்டு. ஒருவர் இந்தியக் காட்டில் அலைந்தவர், மற்றவர் ஸ்காட்லாந்தில் மேசைக்கு முன்னால் இருந்தவர். இரண்டு பெயருக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்னக் குறி, யார் எவ்வளவு செய்தார்கள் என்று சொல்வதில்லை.

ஆக, கம்பெனி 1828இல் மிச்சப்படுத்தியது ஆய்வுக்கான செலவை. ஆய்வை அல்ல. ஆய்வு, மருத்துவர் சம்பளத்துக்குள்ளும் அவருடைய இரவுகளுக்குள்ளும் விடுப்புக்குள்ளும் தள்ளப்பட்டது. பதவியை ஒழித்தால் வேலை நின்றுவிடும் என்று நாம் நினைக்கிறோம். அப்படியெல்லாம் ஒன்றும் ஆவதில்லை. வேலை கணக்கில்லாத நேரத்துக்குக் குடிபெயர்கிறது. நம்முடைய கல்லூரிகளில் நிரப்பப்படாமல் கிடக்கும் பணியிடங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1834இல் திரும்பி வந்தவரை பல்லாரியில் 33ஆம் சுதேசி காலாட்படைக்கு மருத்துவராகப் போட்டார்கள். படை பாளையங்கோட்டைக்கு நகர்ந்தது, வைட்டும் நகர்ந்தார். அப்படித்தான் அவர் குற்றாலத்துக்கு வந்து சேர்ந்தார்.

பாளையங்கோட்டை வெள்ளைக்காரர்களுக்குக் குற்றாலம் சாரல் காலத்து ஒதுங்கிடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே பங்களாக்களில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். கம்பெனி அதற்கு முன்பே அங்கே வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டுப் பார்த்திருந்தது. சாதிக்காய், கிராம்பு வகைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்றைக்கு சீசனில் அருவிக்கரைக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கித் தின்கிற நாம், இந்த மலையடிவாரம் ஒரு காலத்தில் காலனியப் பொருளாதாரத்தின் பரிசோதனைச் சாலையாகவும் இருந்தது என்பதை நினைப்பதில்லை. குற்றாலம் என்றால் நமக்கு ரசிகமணி டி.கே.சி., கம்பன், இட்லி, இலக்கிய உரையாடல். அந்தச் சித்திரம் பொய்யில்லை. ஆனால் அதன் மினுமினுப்பில் பழைய சித்திரங்கள் மறைந்துபோகின்றன.

வைட் 1830களின் நடுவில் குற்றாலக் காடுகளில் சேகரித்தார். அந்தத் தாவரங்கள் குறித்து மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார். இப்போது கேள்வி: அந்த நேரம் யாருடையது? படைக்கு மருத்துவர் என்றால் படை இருக்கும் இடத்தில் இருக்க வேண்டியவர். தாவரவியலாளர் என்றால் சாரல் அடிக்கும்போது ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளிக் குற்றாலத்தில் இருக்க வேண்டியவர். சம்பளப் பட்டியலில் அவர் மருத்துவர் மட்டும்தான். ஆனால் அவர் எழுதியதால் பயன்பெற்றது கம்பெனி, சென்னை இலக்கியக் கழகம், கிளாஸ்கோ, எடின்பரோ எல்லாமும்தான். நான்கு நிறுவனங்களின் மூலதனம், ஒரு நிறுவனத்தின் சம்பளம்.

1836இல் கம்பெனி விழித்துக்கொண்டது. வைட்டை வருவாய்த் துறைக்கு மாற்றி, பருத்தி, புகையிலை, நிலவாகை முதலான விளைபொருள்களைப் பற்றி அறிக்கை தரச் சொன்னது. (ஐரோப்பிய மருந்துக் கடைகளில் 'டின்னவெல்லி சென்னா' என்று நம் ஊர்ப் பெயரோடு விற்ற பேதி மருந்து இந்த நிலவாகைதான். ஊரின் பெருமை எந்தெந்த வழியாகவெல்லாம் பரவுகிறது பாருங்கள்.) தாவரவியலுக்குக் காசில்லை, வருவாய்க்கு உதவும் தாவரவியலுக்குக் காசுண்டு. 1842இலிருந்து கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை வளர்த்துப் பார்க்கும் திட்டத்தை மேற்பார்வையிட்டார். அமெரிக்க அடிமைகள் பறித்த பருத்தியை நம்பி லங்காஷயர் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்த காலம். அதற்கு மாற்றாகக் கொங்கு மண்ணில் அதே பருத்தி விளையுமா என்பது கேள்வி. எதிர்பார்த்த அளவு விளையவில்லை. 1853இல் வைட் ஊர் திரும்பினார்.

இந்தப் பருத்தி வருடங்களில்தான் வைட்டின் பெரிய படைப்பு வெளிவந்தது என்பது கவனத்திற்குரியது. 1838 முதல் 1853 வரை ஆறு பாகங்களாகச் சென்னையில் அச்சான 'இக்கோனஸ்' என்கிற தாவரப் படத்தொகுதி. 2,101 படங்கள். கூடவே 'இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் இந்தியன் பாட்டனி', நீலகிரித் தாவரங்கள் பற்றிய தனி நூல். பதினைந்து வருடத்தில் 2,101 படம் என்றால் மூன்று நாளைக்கு ஒன்று என்கிற கணக்கை நெருங்குகிறது. பருத்திக்குச் சம்பளம் வாங்கிய ஒருவர் மூன்று நாளைக்கு ஒரு செடியை வரைந்து, கல்லச்சில் ஏற்றி, விவரித்து வெளியிட முடியுமா?

முடியாது. அவர் வரையவில்லை.

•

இக்கோனஸ் படங்களின் கீழ்மூலையில் பொடி எழுத்தில் 'ரங்கையா டெல்.', பிந்தைய பாகங்களில் 'கோவிந்து டெல்.' என்று இருக்கிறது. 'டெல்.' என்பது 'வரைந்தார்' என்பதற்கான லத்தீன் சொல்லின் சுருக்கம். ரங்கையாவும் கோவிந்துவும் தென்னிந்திய ஓவியர்கள். ரங்கையா 1820களிலிருந்து ஏறத்தாழ 1845 வரை வைட்டுக்காக வரைந்தார். பிறகு கோவிந்து. அரசுப் பதவி 1828இல் போன பிறகும், நாகப்பட்டினம் போன பிறகும், ரங்கையாவின் தூரிகை வைட்டுக்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஹூக்கருக்குப் போனதாகச் சொன்னேனே, அந்த ஓவியங்கள் இவர் வரைந்தவை.

எடின்பரோ அரசத் தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி 2007இல் மூன்று தொகுதிகளாக ஒரு நூல் வெளியிட்டார். தலைப்பிலேயே வைட்டின் பெயரோடு ரங்கையா, கோவிந்து இருவர் பெயரையும் சேர்த்தார். இது சாதாரண விஷயமில்லை. நூற்றைம்பது வருடமாகக் கீழ்மூலையில் கிடந்த பெயர்கள் தலைப்புக்கு ஏறியிருக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டில் இதை நாம் எத்தனை பேர் பேசினோம்? ஓலைச்சுவடி தேடி அலைந்தவர்களைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம், இவர்களைப் பற்றி ஏன் எழுதவில்லை? இவர்கள் வரைந்தது இலக்கியமில்லை என்பதாலா, அல்லது 'கைவேலை' என்பதாலா? சாதியச் சமூகம் கையையும் மூளையையும் பிரித்து வைத்திருப்பதற்கும், காலனிய அறிவியல் 'ஆசிரியர்', 'ஓவியர்' என்று பிரித்து வைத்ததற்கும் இடையில் ஒரு சௌகரியமான ஒப்பந்தம் இருப்பதாகவே படுகிறது.

வைட் நன்றி இல்லாத மனுஷர் என்று சொல்ல வரவில்லை. 1853இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா' என்று தன் ஓவியரின் பெயரை வைத்தார். ஓர் இந்திய ஓவியருக்கு அந்தக் காலத்தில் கிடைத்த அபூர்வமான கௌரவம் இது. பின்னால் வந்த வகைப்பாட்டாளர்கள் அந்தப் பேரினத்தை ட்ரோபிடியா என்கிற வேறொன்றுக்குள் சேர்த்துவிட்டார்கள். வகைப்பாட்டின் நியாயப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் கோவிந்துவின் பெயர் இணைப்பெயர்ப் பட்டியலுக்குள் போய்விட்டது.

ஓவியர்களுக்காவது கையெழுத்து மிஞ்சியது. வைட் செடி சேகரிக்க உள்ளூர் ஆட்களை வைத்திருந்தார். ஒரு லட்சம் மாதிரிகளை ஒரு தனி மனிதர் பறிக்க முடியாது என்பது கண்கூடு. குற்றாலத்து மலையில் எந்தச் சரிவில் எந்த மாதம் எது பூக்கும் என்பது எடின்பரோவில் சொல்லித்தரப்பட்டதில்லை. வழி தெரிந்தவர், மரமேறத் தெரிந்தவர், சாரலில் நனையாமல் தாள்களுக்கிடையில் இலையை வைத்து உலர்த்தத் தெரிந்தவர் என்று ஒரு கூட்டம் பின்னால் நடந்திருக்கிறது. ஸ்டீவன் ஷேப்பின் 1989இல் எழுதிய ஒரு கட்டுரையில், பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ராபர்ட் பாயிலின் சோதனைகளைச் செய்துகொடுத்த உதவியாளர்கள் எப்படி எழுத்திலிருந்து மறைந்துபோனார்கள் என்று காட்டினார். அவர்கள் கூலிக்கு வேலை செய்தவர்கள் என்பதாலேயே அவர்களுடைய உழைப்பு எசமானரின் உழைப்பாகப் பார்க்கப்பட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். பாயிலுக்காவது எசமானர் கிடையாது. வைட்டுக்கு மேலே கம்பெனி இருந்தது. வைட்டின் நேரம் கம்பெனியுடையது, ரங்கையாவின் நேரம் வைட்டுடையது, சேகரிப்பாளரின் நேரம் யாருடையது என்று கேட்கவே ஆளில்லை.

வைட் தன்னுடைய ஒரே உடம்பை மருத்துவம், பருத்தி, தாவரவியல் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், கீழே இருந்தவர்கள் தங்கள் உடம்பைப் பிரிக்காமல் முழுசாகக் கொடுத்ததுதான்.

•

இங்கிருந்து அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. இரண்டு நிறுவனங்களுக்கு ஓர் ஆய்வாளர் என்கிற சிக்கலை எழுத்துபூர்வமான விதிகளாக மாற்றியதில் அந்த நாடு முன்னால் நிற்கிறது. 1946இலிருந்து அங்கே முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரிகளும் கைகோத்துக்கொண்டன. ஒரே மருத்துவர் இரண்டிலும் வேலை பார்ப்பார். கூடவே தேசிய சுகாதார ஆய்வு நிறுவனங்களிடம் ஆய்வு நல்கையும் வாங்குவார். வைட்டின் நிலைமைதான். படைக்கு மருத்துவர், பக்கத்தில் ஆய்வு. வித்தியாசம், இங்கே எல்லாவற்றுக்கும் தாள் உண்டு. கூட்டுப் பணியமர்வு பெற்றவருக்கு இரண்டு நிறுவனங்களும் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் வேண்டும். எந்தப் பொறுப்பு எங்கே என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு பக்கமும் சம்பளம் கூடாது. மொத்த உழைப்பு நூறு சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நூறு சதவீதம் என்றால் என்ன என்பதில்தான் வேடிக்கை. படைவீரர் மருத்துவமனை பகுதிநேரப் பணியை எட்டில் ஒரு பங்குகளாக அளக்கிறது. எட்டில் ஐந்து என்றால் வாரம் 40 மணியில் 25 மணி. பல்கலைக்கழகத்திலோ நூறு சதவீதத்துக்கு மணிக்கணக்கு கிடையாது. ஒருவர் தன் தொழில்சார்ந்து செய்வது எவ்வளவோ அதுவே நூறு. வாரம் 35 மணி பல்கலைக்கழகத்துக்காக உழைத்தால் 35தான் நூறு சதவீதம், 50 உழைத்தால் 50 நூறு சதவீதம். ஆகவே நல்கையில் 'பல்கலைக்கழக உழைப்பில் இருபது சதவீதம்' என்று எழுதிய ஒருவர் 35 மணிக்காரர் என்றால் வாரம் ஏழு மணி நேரம் தர வேண்டும், 50 மணிக்காரர் என்றால் பத்து மணி. அதிகம் உழைக்கிறவருக்கு அதே சதவீதம் கனமாகிறது. இந்தக் குழப்பத்தைச் சமாளிக்கவே 'ஆள்-மாதம்' என்கிற அலகைக் கொண்டுவந்தார்கள். கூலி உழைப்பைக் கடிகாரத்துக்குள் அடைத்த கதையை ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதினார். கடிகாரத்துக்குள் அடங்காத உழைப்பை அடைக்கப் படும் பாட்டின் கதையை இன்னொருவர்தான் எழுத வேண்டும்.

கணக்கு தவறினால் தண்டனையும் உண்டு. ஆய்வாளர்களின் உழைப்பு வீதத்தை மிகைப்படுத்திக் காட்டியதாக எழுந்த குற்றச்சாட்டை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2003இல் 55 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. நல்கைப் பணத்தைக் கையாண்டது குறித்த இதேபோன்ற ஒரு விவகாரத்தில் யேல் 2008இல் 76 லட்சம் டாலர் கொடுத்தது. ஒரு பேராசிரியரின் செவ்வாய்க்கிழமை மதியம் எந்தக் கணக்கில் போனது என்பதற்கு இவ்வளவு விலை இருக்கிறது.

இந்த விதிகளை நான் கிண்டல் செய்யவில்லை. பொதுப்பணம் வாங்குகிறவர் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். என் கேள்வி வேறு. அந்த ஒப்பந்தத்தில் கூட்டுப் பணியமர்வு பெற்றவரின் நூறு சதவீதம் கவனமாகப் பங்கிடப்படுகிறது. அவர் இங்கே இல்லாத மணிகளில் இங்கே அவர் வேலையைப் பார்ப்பவர் யார்? அந்த நபர் ஒப்பந்தத்தின் எந்தப் பத்தியில் வருகிறார்?

•

நம்மிடம் வருவோம். நம்மூர் நல்கைத் திட்டங்களில் நிரந்தரப் பணியில் இருக்கும் முதன்மை ஆய்வாளருக்குத் திட்டத்திலிருந்து தனிச் சம்பளம் பொதுவாகக் கிடையாது. அவர் சம்பளம் கல்லூரியிலிருந்து வருகிறது. ஆகவே அவர் திட்டத்துக்கு எத்தனை மணி நேரம் கொடுத்தார் என்று யாரும் கறாராகக் கேட்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் வெளியிட்ட விதிமுறைகள் வாரம் 40 மணி வேலை என்றன. நேரடி வகுப்பு உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, பேராசிரியருக்கு 14. ஆய்வுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. ஆறு மணி! அந்த ஆறு மணி நேரத்தைக் கால அட்டவணையில் கண்ணால் பார்த்த கல்லூரி ஆசிரியர் இருந்தால் அவரோடு ஒரு டீ குடிக்க ஆசை.

நமது யூ.சி. எனப்படும் பயன்பாட்டுச் சான்றிதழ் ரூபாய்க்குக் கணக்குக் கேட்கிறது. நேரத்துக்குக் கேட்பதில்லை. இனாம் கமிஷன்காரன் கேட்ட கேள்வியை மறந்துவிட்டோம் என்று சந்தோஷப்படலாமா? முடியவில்லை. நேரத்துக்குக் கணக்கில்லாத இடத்தில் மேலே இருப்பவருக்குத்தான் சுதந்திரம் கிடைக்கிறது. கீழே இருப்பவரின் நேரம் காற்றில் போகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தோழி. தமிழ் எம்.ஏ., எம்.ஃபில். தென்காசிப் பக்கத்துச் செடிப்பெயர்களையும் சொலவடைகளையும் சேகரிக்கும் ஒரு திட்டத்தில் ஆய்வு உதவியாளராக இருந்தார். திட்டம் எந்தக் கல்லூரியைச் சேர்ந்தது என்பது இங்கே முக்கியமில்லை. முதன்மை ஆய்வாளருக்கு இரண்டு பொறுப்புகள். சொந்தக் கல்லூரியில் துறைத்தலைவர், வேறொரு ஊரிலிருந்த ஆய்வு மையத்தில் கௌரவ இயக்குநர். வாரத்தில் இரண்டு நாள் அங்கே. அந்த இரண்டு நாள் வகுப்புகளைத் தோழி எடுத்தார். அதற்குச் சம்பளம் கிடையாது, திட்டச் சம்பளத்துக்குள் அடக்கம். களப்பணி மிச்ச நேரத்தில். "காலையில வகுப்பு, மத்தியானம் செங்கோட்டை பஸ்ஸு, ராத்திரி கேசட்டு மாதிரி திருப்பித் திருப்பிக் கேட்டு எழுதணும். ஸாருக்கு ரெண்டு ஆபீஸு, எனக்கு ஒரே ஒரு உடம்பு, பாத்துக்கிடுங்கண்ணே" என்றார் ஒருமுறை. அவர் குரலில் புகார் இல்லை. இப்படித்தான் இருக்கும் என்பது போன்ற ஒரு தொனி இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

புளியங்குடி, வாசுதேவநல்லூர் பக்கத்து மலையடி ஊர்களில் வயசாளிகள் அவரிடம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கத் திட்டத்தில் ஒரு தலைப்பு இருந்தது, 'களத் தகவலாளர் மதிப்பூதியம்' என்று. அது கடைசி தவணையில் வருவதாக இருந்தது. கடைசி தவணை வரவில்லை. தோழி தன் கையிலிருந்து வெற்றிலை பாக்கும் டீத்தூளும் வாங்கிக்கொண்டு போனார். ரங்கையாவுக்கும் கீழே இருந்த அந்தப் பெயரில்லாத கூட்டம் இன்னும் அதே மலைச்சரிவில்தான் நிற்கிறது.

அமெரிக்க விதிகளை அப்படியே இறக்குமதி செய்தால் இது தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். 2023 சட்டத்தின் வழியாக அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை வந்திருக்கிறது. நிறுவனங்கள் ஆய்வாளர்களைப் பகிர்ந்துகொள்வது பெருகத்தான் போகிறது, ஒப்பந்தங்களும் பெருகும். ஒப்பந்தம் வரட்டும். ஆனால் அதில் கையெழுத்துப் போடும் மூன்று தரப்பும் (இரண்டு நிறுவனம், ஓர் ஆய்வாளர்) ஏற்கெனவே பெயருள்ள தரப்புகள். இரண்டு நாள் அவர் அங்கே போனால் அந்த இரண்டு நாள் வகுப்பை எடுக்க, மானியக் குழு 2019இல் சொன்ன ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய் என்கிற விகிதத்திலாவது, பெயர் குறிப்பிட்டு ஆள் நியமிக்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து எழுதச் சொல்லுங்கள். மாதத்துக்கு 50,000 வரை என்று அதே குழு வைத்த உச்சவரம்பைத் தொடக்கூட முடியாத தொகைக்கு நம்முடைய கௌரவ விரிவுரையாளர்கள் வருடக்கணக்கில் வேலை பார்த்துப் போராடியும் வந்திருக்கிறார்கள். திட்ட உதவியாளரின் மணிகளை ஆய்வாளரின் மணிகளோடு அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். களத் தகவலாளருக்கான தொகையை முதல் தவணையில் வைக்கச் சொல்லுங்கள். சொல்லிப் பார்த்தால் தெரியும், 'நிர்வாகச் சிக்கல்' என்கிற வார்த்தை எங்கிருந்து கிளம்புகிறது என்று.

தோழியின் திட்டம் இரண்டு தொகுதி தட்டச்சு அறிக்கையாக முடிந்தது. அட்டையில் முதன்மை ஆய்வாளர் பெயரும் இரண்டு நிறுவனங்களின் சின்னங்களும் இருக்கின்றன. தோழியின் பெயர் நன்றியுரையில், தட்டச்சு செய்தவர் பெயருக்கு அடுத்து வருகிறது. செடிப்பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எந்த ஊரில் கிடைத்தது என்று குறித்திருக்கிறார்கள். சொன்னவர் பெயருக்கு ஒரு பத்தி விட்டிருக்கிறது. தோழி தன் நோட்டில் அத்தனை பெயரையும் வயதோடு எழுதி வைத்திருக்கிறார். அறிக்கையில் அந்தப் பத்தி காலியாக இருக்கிறது.